எபிரேய இறைவாக்கும் எழுத்தரும்: எரேமியா நூலை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. முன்னுரை

எபிரேய இறைவாக்கு நூல்களைப் பற்றிய ஆய்வுகளில் இறைவாக்கினர்க்குக் கிடைத்த கவனம் அவர்தம் சொற்களை எழுதியும் படியெடுத்தும் காத்த எழுத்தர்களுக்கு நெடுங்காலம் கிடைக்கவில்லை. எழுத்தரைப் பற்றிப் பேச நேர்ந்தபோதும் இரண்டு கருத்துகளே முன்வைக்கப்பட்டன. எழுத்தர் சொன்னதைச் சொன்னவாறு எழுதிய வெறுங்கருவி என்பது ஒன்று. இறைவாக்கினரின் தூய சொல்லைத் தம் சேர்க்கைகளால் மறைத்தவர் என்பது மற்றொன்று. முன்னது சமய மரபின் கருத்து. பின்னது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்ற பகுப்பாய்வுத் திறனாய்வின் கருத்து. 1901இல் எரேமியா நூலுக்கு உரை வரைந்த பெர்னார்டு தூம், அந்நூலில் ஏறத்தாழ 280 வசனங்களே எரேமியாவுக்கு உரியன என்றும், 220 வசனங்கள் பாருக்கின் வரலாற்றுப் பகுதி என்றும், எஞ்சிய 850 வசனங்கள் பிற்காலத்தார் சேர்த்தவை என்றும் பிரித்துக் காட்டினார்.

இவ்விரு கருத்துகளும் ஒன்றற்கொன்று முரண்பட்டனபோல் தோன்றினும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. எழுத்தருக்கு முன்னரே முழுமை பெற்ற மூலம் ஒன்று இருந்தது என்பதே அவ்வடிப்படை. எழுத்தர் அதனைக் காத்தாரா, கெடுத்தாரா என்பது மட்டுமே வழக்கு. இவ்வடிப்படையைச் சான்றுகள் தாங்கவில்லை என்பதும், எபிரேய இறைவாக்கைப் பொறுத்தவரை காத்தலும் ஆக்கலும் ஒரே கையின் செயல்களாகவே தொடங்கின என்பதும் இக்கட்டுரையின் வாதம். மூலம் எது என்னும் வினாவுக்கு விடை காணாமல் மொழிபெயர்ப்பாளர் ஒரு வரியும் எழுத இயலாது. ஆதலின் இது அவர்க்கும் உரிய சிக்கலாகும்.

1. சொல்லும் பதவியும்

எழுத்தரைக் குறிக்கும் எபிரேயச் சொல் 'சோஃபெர்' என்பது. இதன் மூன்று மெய் வேரிலிருந்து எண்ணுதல், எடுத்துரைத்தல் ஆகிய பொருள்தரும் வினைகளும், எழுதப்பட்ட ஆவணத்தைக் குறிக்கும் 'சேஃபெர்' என்னும் பெயரும் வருகின்றன. முன்னோர் திருச்சட்டத்தின் எழுத்துகளை எண்ணியதால் சோஃபெரிம் எனப்பட்டனர் என்று பாபிலோனியத் தல்மூது விளக்கும். இது சொற்பிறப்பு விளக்கமாக ஏற்கத்தக்கதன்று. ஆயினும் பிற்காலத்தார் எழுத்தர் பணியின் சாரமாக எதனைக் கருதினர் என்பதை நன்கு உணர்த்துகிறது.

எரேமியாவின் காலத்தில் சோஃபெர் என்பது அரண்மனையோடும் கோவிலோடும் தொடர்புடைய பதவிப் பெயர். எரேமியா 36ஆம் அதிகாரத்தில் எழுத்தன் சாப்பானின் மகன் கெமரியாவுக்குக் கோவிலின் மேல் முற்றத்தில் ஓர் அறை இருக்கிறது. எழுத்தன் எலிசாமாவுக்கு அரசன் மனையில் ஓர் அறை இருக்கிறது. பாருக் இவ்வட்டத்துக்குள் இயல்பாகச் சென்று வருகிறான். தமிழ் விவிலியத்தின் பழைய திருப்புதல் இத்தகைய அரசவை எழுத்தர்க்குச் 'சம்பிரதி' என்னும் சொல்லை ஆண்டது. பிற்காலத்து எஸ்றாவுக்கு 'வேதபாரகன்' என்றது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு புதிய ஏற்பாட்டில் 'மறைநூல் அறிஞர்' என்கிறது. ஒரே சொற்குடும்பத்துக்குப் பல தமிழ்ச் சொற்கள் வந்திருப்பது பிழையன்று. ஆவணம் எழுதும் அலுவலர் நூற்றாண்டுகளின் ஓட்டத்தில் மறைநூலுக்கு உரைகாணும் அறிஞராக மாறிய வரலாற்றை அவை பிரித்துக் காட்டுகின்றன. ஆனால் இருவரும் ஒரே மரபின் இரு முனைகள் என்பது தமிழ் வாசகருக்குப் புலப்படாமற் போகிறது. அவ்விழப்பைக் குறிப்புரையே ஈடுசெய்ய வேண்டும்.

தொல்பொருட் சான்றும் இங்கு நோக்கத்தக்கது. 1982இல் யிகால் சிலோ எருசலேமின் தாவீதின் நகர்ப் பகுதியில் நடத்திய அகழாய்வில் 'சாப்பானின் மகன் கெமரியா' என்னும் பெயர் பொறித்த களிமண் முத்திரை கிடைத்தது. நகரம் வீழ்ந்தபோது ஆவணங்களை எரித்த தீயே அவற்றைக் கட்டியிருந்த களிமண் முத்திரைகளைச் சுட்டு உறுதியாக்கியது. இதற்கு மாறாக, 1978இல் நாமான் அவிகாத் வெளியிட்ட 'எழுத்தன் நேரியாவின் மகன் பெரெக்கியா' என்னும் முத்திரை அகழாய்வில் கிடைத்ததன்று. தொல்பொருள் வணிகத்தின் வழி வந்தது. அது பாருக்கின் முத்திரை எனப் பல நூல்களில் எடுத்தாளப்பட்டது. 2014இல் வெளியான நுண்ணாய்வு அது போலி எனக் காட்டியது. எழுத்தரின் பங்கை நிறுவ விழைவோர் இம்முத்திரையை விட்டுவிடுதலே தக்கது. அவ்வாதத்துக்கு வேண்டிய வலிமை நூலுக்குள்ளேயே இருக்கிறது.

2. எரேமியா 36: எழுத்தரின் தன்வரைவு

யோயாக்கீமின் நான்காம் ஆண்டில், அதாவது கி.மு. 605 அளவில், எரேமியா சொல்லப் பாருக் ஒரு சுருளில் எழுதுகிறான். எரேமியா கோவிலுக்குச் செல்ல இயலாதவாறு தடுக்கப்பட்டிருப்பதால் நோன்பு நாளில் பாருக்கே அதனை மக்கள் முன் வாசிக்கிறான். மீண்டும் அதிகாரிகள் முன் வாசிக்கிறான். மூன்றாவதாக அரசன் முன் யெகுதி வாசிக்கிறான். மூன்று வாசிப்புகளிலும் இறைவாக்கினர் இல்லை. சுருள் மட்டுமே இருக்கிறது. இறைவாக்கு தன்னைச் சொன்னவரை விட்டு நீங்கி நடமாடத் தொடங்கியதை இவ்வதிகாரம் காட்டுகிறது.

அதிகாரிகள் பாருக்கிடம் கேட்கும் வினா, சுருள் என்ன சொல்கிறது என்பதன்று. எப்படி எழுதினாய் என்பதே. அவர்கள் எழுத்துத் தொழிலறிந்தோர். ஆவணத்தின் நம்பகத்தன்மையை உசாவுகின்றனர். அவர் வாயால் சொல்ல நான் மையால் எழுதினேன் என்பது விடையின் சாரம். மையைக் குறிக்கும் 'தெயோ' என்னும் சொல் எபிரேய விவிலியம் முழுவதிலும் இவ்வோரிடத்தில்தான் வருகிறது. எழுத்தரின் தொழிற்சொல் விவிலியத்துள் நுழைந்தது எழுத்தர் தம் பணிக்குச் சான்று பகரும் இடத்தில் என்பது தற்செயலன்று எனலாம்.

அரசன் எதிரே கணப்புத் தீ எரிகிறது. மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் அவை 'எழுத்தரின் கத்தியால்' அறுக்கப்பட்டுத் தீயில் இடப்படுகின்றன. எழுத்தர் தம் தொழிலுக்கு வைத்திருந்த கருவியே இங்கு அழிக்கும் கருவியாகிறது. எழுத்துப் பத்தியைக் குறிக்க 'கதவு' எனப் பொருள்படும் சொல் ஆளப்பட்டிருப்பதும் எழுத்தர் வழக்கே. வாசித்தலைக் குறிக்கும் வினையும் கிழித்தலைக் குறிக்கும் வினையும் எபிரேயத்தில் இறுதி மெய் ஒன்றால் மட்டும் வேறுபடுவன. முன்னதில் அலெஃப், பின்னதில் அயின். யெகுதி வாசிக்க வாசிக்கச் சுருள் கிழிபடுகிறது; ஆனால் கேட்டோர் எவரும் தம் ஆடையைக் கிழிக்கவில்லை. திருச்சட்ட நூலை எழுத்தன் சாப்பான் வாசிக்கக் கேட்டு ஆடையைக் கிழித்துக்கொண்ட யோசியாவை (2 இராஜாக்கள் 22) இவ்வொலியொப்புமை நினைவூட்டுகிறது. தந்தை ஆடையைக் கிழித்தான்; மகன் சுருளைக் கிழித்தான். கிரேக்க மொழிபெயர்ப்பாளர் முன்னதற்கு அறுத்தல் என்னும் வினையையும் பின்னதற்குக் கிழித்தல் என்னும் வினையையும் ஆண்டனர். ஒலியொப்புமையோடு சொல்லொப்புமையும் மறைந்தது. தமிழில் வாசித்தலும் கிழித்தலும் ஒலியால் இணையா. ஆயினும் சுருளுக்கும் ஆடைக்கும் 'கிழி' என்னும் ஒரே வினையை ஆள்வதால் பாதியேனும் காக்க முடியும்.

இத்தகைய நுட்பமான அமைப்பு, நிகழ்ச்சிக் குறிப்பு மட்டுமாக இவ்வதிகாரத்தைக் கொள்ள இயலாது என்பதை உணர்த்துகிறது. இது எழுத்தர் மரபு தன்னைப்பற்றித் தானே வரைந்த சித்திரம். சாப்பானின் குடும்பத்தார் நல்லோராகக் காட்டப்படுவதும் இதற்கு இயைபுடையது. தன் வழக்கில் தானே சாட்சி சொல்பவரின் கூற்றை நாம் ஆராய்ந்தே ஏற்க வேண்டும். ஆனால் அச்சாட்சி, எழுத்தர் வெறுங்கருவி என்னும் கருத்தை நாடவில்லை என்பதுதான் வியப்பு. அதிகாரத்தின் இறுதி வாக்கியம் இரண்டாம் சுருளைப்பற்றிக் கூறுகிறது. எரிந்த சுருளின் சொற்கள் யாவும் எழுதப்பட்டபின், அவற்றைப் போன்ற பல சொற்களும் அவற்றோடு சேர்க்கப்பட்டன என்பது அதன் பொருள். 'சேர்க்கப்பட்டன' என்னும் வினை எபிரேயத்தில் செயப்பாட்டு வினை; செய்தவர் பெயர் இல்லை. சேர்த்தவர் எரேமியாவா, பாருக்கா, பின்வந்தோரா? வாக்கியம் விடை தரவில்லை. மொழிபெயர்ப்பாளர் இதனைச் செய்வினையாக்கினால் நூல் திறந்து வைத்த கதவை அடைத்தவராவார்.

3. இரு பாடங்கள்

சேர்க்கப்பட்ட சொற்கள் எவை என்பதற்கு அதிகாரம் 36 விடை தரவில்லை. ஆனால் எரேமியா நூல் வளர்ந்து வந்தது என்பதற்கு ஏட்டுச் சான்றே உண்டு. 'எழுபதின்மர்' எனப்படும் கிரேக்க மொழிபெயர்ப்பில் இந்நூல் மாசொரேத்திய எபிரேயப் பாடத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறுகியது. பிற நாடுகளைப்பற்றிய வாக்குகள் எபிரேயத்தில் 46 முதல் 51 வரையுள்ள அதிகாரங்களாக இறுதியில் நிற்கின்றன; கிரேக்கத்தில் 25ஆம் அதிகாரத்தின் நடுவே வேறு வரிசையில் நிற்கின்றன. கிரேக்கர் சுருக்கி மொழிபெயர்த்தனர் என்று முன்பு சிலர் கருதினர். கும்ரான் நான்காம் குகையில் கிடைத்த எபிரேயத் துண்டுகள் அக்கருத்தைத் தளர்த்தின. அவற்றுள் ஒன்றில், 10ஆம் அதிகாரத்தில் சிலைகளை எள்ளும் பகுதியினிடையே இறைவனைப் போற்றும் 6 முதல் 8 வரையுள்ள வசனங்களும் 10ஆம் வசனமும் கிரேக்கத்தில் இல்லாததைப் போலவே இல்லை. ஆகவே குறும்பாடம் எபிரேயத்திலேயே வழங்கியது. அதே குகையில் நெடும்பாடத்தைச் சார்ந்த சுருள்களும் இருந்தன. இம்மானுவேல் தோவ் முதலியோர் இவற்றை ஒரே நூலின் இரு பதிப்புகள் என்று கொள்வர்.

இவ்விரு பதிப்புகளும் எழுத்தரின் இடத்தைப்பற்றியே வேறுபடுகின்றன என்பதைத் திறனாய்வாளர் போதிய அளவு வலியுறுத்தவில்லை. 36ஆம் அதிகாரத்தின் இறுதியில் எபிரேயப் பாடத்தின்படி எரேமியா மற்றொரு சுருளை எடுத்து எழுத்தன் பாருக்கிடம் கொடுக்கிறார். கிரேக்கப் பாடத்தின்படி பாருக்கே சுருளை எடுத்து எரேமியாவின் வாய்மொழியை எழுதுகிறான். முன்னர்க் கூறிய 'மையால்' என்னும் சொல்லும், 26, 32ஆம் வசனங்களில் பாருக்குக்கு வரும் 'எழுத்தன்' என்னும் பட்டமும் கிரேக்கத்தில் இல்லை. நெடும்பாடம் எழுத்தனின் தொழிலைத் துலக்கிக் காட்டும் அதே வேளையில், சுருளை எடுக்கும் முதற்செயலை இறைவாக்கினர் கையில் வைக்கிறது. பதவியைக் கூட்டி, உரிமையைக் குறைத்தது எனலாம்.

பாருக்குக்கே உரிய வாக்காகிய 45ஆம் அதிகாரத்தின் இடமும் இவ்வாறே. எபிரேயத்தில் அது பிற நாடுகளின் வாக்குகளுக்கு முன்னே நிற்கிறது. கிரேக்கத்தில் அவ்வாக்குகள் முன்னரே முடிந்துவிடுவதால், வரலாற்றுப் பின்னிணைப்பாகிய கடைசி அதிகாரத்துக்குச் சற்று முன்னர், எரேமியாவின் சொற்கள் முடியுமிடத்தில் இது நிற்கிறது. அங்கு அது, ஏடெழுதி முடித்தவர் இறுதியில் தம் பெயரைப் பொறிக்கும் கையொப்பம்போல் அமைகிறது. சாக் லுண்ட்பொம் இதனை அவ்வாறே விளக்கினார். நெடும்பாடத்தில் அக்கையொப்பம் நூலின் நடுவே ஒடுங்கிவிட்டது. அதற்கு ஈடாக 51ஆம் அதிகாரத்தின் இறுதியில், எரேமியாவின் சொற்கள் இத்துடன் முடிந்தன என்னும் பெயரற்ற குறிப்பு வருகிறது. கிரேக்கத்தில் அக்குறிப்பு இல்லை. பெயருள்ள எழுத்தர் பெயரற்ற எழுத்தராக மாறியதன் தடம் இது.

எனினும் சேர்க்கைகள் யாவும் நடைமெருகு என்று கொள்ளலாகாது. நெடும்பாடத்தின் மிக நீண்ட தனிப்பகுதி 33:14-26. தாவீதின் மரபு அறாது என்னும் உறுதிமொழி அதில் இருக்கிறது. அரசு வீழ்ந்த பின்னர் ஒரு சமூகம் பற்றிக்கொண்ட நம்பிக்கையை எழுத்தர் இறைவாக்கினரின் குரலிலேயே எழுதினர். இதனைப் போலி என்பது எளிது. ஆனால் 23ஆம் அதிகாரத்தில் இரு பாடங்களிலும் உள்ள ஒரு வாக்கையே அப்பகுதி மீண்டும் எடுத்து விரிக்கிறது. பழஞ்சொல்லைப் புதிய காலத்தில் மீண்டும் பேச வைப்பதையே அவர்கள் பேணலாகக் கருதினர்.

4. கையின் தடங்கள்

எழுத்தர் கை நேரடியாகத் தெரியும் இடம் சாக்கடற் சுருள்களே. கி.மு. 200 அளவில் எழுதப்பட்ட எரேமியாச் சுருள் ஒன்றில் 7:30 முதல் 8:3 வரையுள்ள நெடும்பகுதி முதலில் எழுதப்படவில்லை. பிறிதொரு கை அதனை வரிகளுக்கிடையே சிற்றெழுத்தில் நுழைத்து, இடம் போதாமல் ஓரத்திலும் தொடர்ந்திருக்கிறது. முதல் எழுத்தர் கண் தவறி விட்டதைப் பின்வந்தவர் நிரப்பினார் என்பது ஒரு விளக்கம்; புதிதாக வளர்ந்த பகுதி பழைய சுருளில் ஏற்றப்பட்டது என்பது மற்றொன்று.

1947இல் முதற்குகையில் கண்டெடுக்கப்பட்ட ஏசாயாப் பெருஞ்சுருள் 54 பத்திகளும் ஏழு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் உடையது. அதன் 33, 34ஆம் அதிகாரங்களுக்கிடையே மூன்று வரி அளவு வெற்றிடம் உண்டு. இரு பாதிகளையும் இருவர் எழுதினர் என்பதை 2021இல் வெளியான கணினிவழி எழுத்தாய்வு வலியுறுத்தியது. இச்சுருளில் 40:7-8இல் ஒரு பகுதி விடுபட்டு, வேறொரு கையால் வரிக்கு மேலும் ஓரத்திலும் சேர்க்கப்பட்டுள்ளது. புல் உலரும், பூ உதிரும் என்னும் தொடர் இருமுறை வருவதால் கண் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியிருக்கலாம். ஆனால் கிரேக்கத்திலும் அப்பகுதி இல்லை. ஆதலின் இங்கும் இரு விளக்கங்களுக்கு இடமுண்டு. திருத்திய கை நான்கெழுத்து இறைப்பெயரை எழுதாமல் நான்கு புள்ளிகளை இட்டிருக்கிறது. 6:3இல் மும்முறை வரவேண்டிய 'தூயவர்' என்னும் சொல் இச்சுருளில் இருமுறையே வருகிறது. அதனை எவரும் திருத்தவில்லை.

திருத்தியவர் பழைய எழுத்தைச் சுரண்டித் தம் எழுத்தை மூலம்போல் அமைக்க முயலவில்லை. விடுபட்டது விடுபட்டதாகவும் சேர்ந்தது சேர்ந்ததாகவும் இன்றும் தெரிகிறது. நீக்க வேண்டிய எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியிட்டு, அவற்றை அழிக்காமல் விடுவதும் இவர்கள் வழக்கு. எழுத்தரின் நேர்மையை அளக்கத் திருத்தங்களின் எண்ணிக்கை உதவாது. அவற்றை மறைத்தாரா என்பதே அளவுகோல்.

5. நிலைநிறுத்தம்

கி.பி. முதலிரு நூற்றாண்டுகளின் பின்னர் மெய்யெழுத்துப் பாடம் மாறாததாயிற்று. எழுத்தரின் உரிமை ஏட்டுக்குள்ளிருந்து ஏட்டின் ஓரத்துக்கு நகர்ந்தது. எழுதப்பட்டவாறு ஒன்று, வாசிக்கப்படுமாறு ஒன்று என இருபாடங்களைக் காக்கும் முறை இதன் விளைவு. எரேமியா 31:38இல் எழுதப்படாத ஒரு சொல் வாசிக்கப்படுகிறது. 51:3இல் இருமுறை எழுதப்பட்ட சொல் ஒருமுறையே வாசிக்கப்படுகிறது. இரட்டித்து எழுதப்பட்டது பிழை என்று அறிந்தும் அதனை நீக்கவில்லை. வாய் திருத்திக்கொண்டது, கை தொடவில்லை.

'எழுத்தரின் திருத்தங்கள்' என மரபு வழங்கும் பதினெட்டு இடங்களும் கருதத்தக்கன. ஆபகூக் 1:12இல் 'நாங்கள் சாகமாட்டோம்' என்றிருப்பது, முன்பு இறைவனை நோக்கி 'நீர் சாகமாட்டீர்' என்றிருந்ததாகவும், இறைவனோடு சாவைச் சேர்த்துப் பேசுதல் தகாது என எழுத்தர் மாற்றியதாகவும் பட்டியல் கூறும். இப்பதினெட்டும் மெய்யாகவே மாற்றங்களா என்பது வழக்கிலுள்ளது. ஆனால் மாற்றினோம் என்று பட்டியலிட்டு வைக்கும் மரபு தன் மாற்றத்தை மறைக்கும் மரபாக இருக்க முடியாது.

ஏறத்தாழ கி.பி. 930இல் சிலோமோ பென் புயாஆ மெய்யெழுத்துகளை எழுத, ஆரோன் பென் ஆசேர் உயிர்க்குறிகளும் ஓரக்குறிப்புகளும் இட்டது அலெப்போ ஏடு. 1947இல் நிகழ்ந்த கலவரத்தில் அது பெரும் பகுதியை இழந்தது. கி.பி. 1008 அளவில் சாமுவேல் பென் யாக்கோபு எழுதிய லெனின்கிராட் ஏடு முழுமையாக உள்ளது. அச்சில் வழங்கும் திறனாய்வுப் பதிப்புகளுள் பெரும்பாலானவற்றுக்கு அதுவே அடிப்படை. ஆகவே 'எபிரேய மூலம்' என்று மொழிபெயர்ப்பாளர் கையிலெடுப்பது நடைமுறையில் பெயர் தெரிந்த ஓர் எழுத்தரின் ஒரு படியையே.

6. மொழிபெயர்ப்பாளர்க்கு

எழுத்தரைச் சாடும் கடுஞ்சொல் ஒன்றும் எரேமியா நூலில் உண்டு. எழுத்தரின் பொய் எழுதுகோல் திருச்சட்டத்தைப் பொய்யாக்கியது என்று 8:8 குற்றஞ்சாட்டுகிறது. இவ்வசனத்தை இரு பாடங்களும் காத்துள்ளன. இதனை எழுதியவரும் படியெடுத்தவரும் தலைமுறை தலைமுறையாக எழுத்தர்களே. நீக்குவதற்கு வாய்ப்பும் காரணமும் உடையோர் நீக்கவில்லை. எழுத்தர் மரபின்மீது வைக்கத்தக்க நம்பிக்கைக்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. அதே வசனம் அந்நம்பிக்கைக்கு எல்லையும் வகுக்கிறது.

கேரல் வான் தெர் தூர்ன் 2007இல் வெளியிட்ட நூலில் எபிரேய விவிலியம் கோவில் எழுத்தர்களின் ஆக்கம் என்று வாதிட்டார். எழுத்தரை இருளிலிருந்து வெளிக்கொணர்ந்தது அவ்வாதத்தின் சிறப்பு. ஆனால் அது ஆசிரியன் என்னும் இருக்கையில் இறைவாக்கினரை எழுப்பிவிட்டு எழுத்தரை அமர்த்துகிறது. இருக்கை அவ்வாறே இருக்கிறது. பாருக்கின் விடை அவ்விருக்கையையே பகிர்கிறது: சொன்னவர் ஒருவர், எழுதியவர் ஒருவர், சேர்க்கப்பட்டனவோ பெயரற்றவை.

இதிலிருந்து மொழிபெயர்ப்பாளர்க்கு மூன்று கடமைகள் பெறப்படுகின்றன. முதலாவது, எந்தப் பாடத்தைப் பின்பற்றுகிறோம் என்பதை வெளிப்படக் கூறுதல். தமிழ் விவிலியங்கள் எரேமியாவை எபிரேய வரிசையிலேயே தருகின்றன. வேறொரு வரிசை வழங்கியது என்பதை வாசகர் அறிய வேண்டும். இரண்டாவது, இரு பாடங்களை ஒட்டவைத்து எந்த ஏட்டிலும் இல்லாத மூன்றாவதொன்றை ஆக்காமை. 36ஆம் அதிகாரத்தில் எபிரேயத்தின் மையையும் கிரேக்கத்தின் சுருளெடுத்த பாருக்கையும் ஒருசேரக் காட்டினால் அது இருவர் சாட்சியையும் கெடுக்கும். மூன்றாவது, மறைபொருளை விளக்காமல் விடாமை. 25:26இலும் 51:41இலும் வரும் 'சேசாக்கு' என்பது, எழுத்துகளை முதலும் ஈறுமாக மாற்றியெழுதும் எழுத்தர் உத்தியால் 'பாபேல்' என்பதிலிருந்து அமைந்தது. கிரேக்கத்தில் இவ்விடங்களில் அச்சொல் இல்லை. தமிழில் ஒலிபெயர்த்து நிறுத்தினால் அது அறியாத ஊரொன்றின் பெயராகிவிடும். 'பாபேல்' என மாற்றினால் எழுத்தரின் கை அழிந்துவிடும். ஒலிபெயர்ப்பைப் பாடத்தில் வைத்து விளக்கத்தை ஓரத்தில் இடுவதே தக்க வழி.

7. முடிவுரை

எபிரேய இறைவாக்கை எழுத்தர் காத்த முறை காலந்தோறும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. தொடக்கத்தில் அவர்கள் எழுதியும் விரித்தும் காத்தனர். இடையில் திருத்தத்தைக் கண்காணும்படி விட்டுக் காத்தனர். இறுதியில் ஓர் எழுத்தையும் தொடாமல், தம் அறிவை ஓரத்தில் ஒதுக்கிக் காத்தனர். முதற்கட்டத்தின் உரிமையைக் கொண்டு இறுதிக் கட்டத்தைக் குறைகூறுவதும், இறுதிக் கட்டத்தின் அடக்கத்தைக் கொண்டு முதற்கட்டத்தைப் பழிப்பதும் வரலாற்றுக்குப் பொருந்தா. எரிந்துபோன முதற்சுருளை எவராலும் மீட்க இயலாது. நம்மிடம் இருப்பவை யாவும் இரண்டாம் சுருளின் வழிவந்தவை. அவ்வழியில் நின்று எழுதும் மொழிபெயர்ப்பாளர், பாடத்தில் எதனைக் கொண்டார், ஓரத்தில் எதனை வைத்தார் என்பதைப் பின்வருவோர் காணும்படி விட்டுச்செல்லுதல் அவ்வெழுத்தர்களிடமிருந்து கற்கத்தக்க முறைமையாகும்.